இணைப்பில் இருக்கிறது ஆயுள்

(பாலத் தளங்களைப் பற்றிப் பொது அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் கண்ணால் பார்த்ததோடு விடுவதில்லை. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று வந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். டொப்பென்று வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் நான் பாலப் பொறியாளனாகச் சேர்ந்தபோது எனக்குத் தரப்பட்ட முதல் வேலை இதுதான். பானைக்குப் பதில் பாலம், விரலுக்குப் பதில் சங்கிலி.

ஓர் இரும்புக் குழாயில் ஐந்தாறு சங்கிலித் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பாலத்தின் மேல் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். தளம் நன்றாக இருக்கும் இடத்தில் சங்கிலி கிலுகிலுவென்று தெளிவாக ஒலிக்கும். சில அடி தள்ளியதும் ஓசை சட்டென்று மாறும்; காலித் தகரத்தின் மேல் இழுப்பதுபோல் கேட்கும். அந்த இடத்தில் கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே இரண்டு ஏடாகப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குனிந்து அதைச் சுற்றிப் பெயிண்டால் கோடு போடுவோம். மேலே ஒரு மயிரிழை விரிசல்கூட இருக்காது. ஒரு நாள் காலை ஒரு பாலத்தை இப்படி முழுக்க நடந்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கோடு விழாத இடம்தான் குறைவாக இருந்தது. அந்தப் பாலத்தின் உத்திரங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தூண்களுக்கும் இல்லை. தளம் மட்டும் செத்திருந்தது.

அன்றிலிருந்து என் மனத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தத் தளம்தான். பாலம் என்றதும் நமக்குத் தூணும் வளைவும் கண்ணில் நிற்கும். ஆனால் வண்டியின் சக்கரம் படுவதும், வெயிலில் காய்வதும், மழையில் நனைவதும் தளம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாலங்களில் அது பெரும்பாலும் எட்டு, ஒன்பது அங்குலக் கனமுள்ள கான்கிரீட் பலகைதான். அதைத் தாங்கும் எஃகு உத்திரம் நூறாண்டு நிற்கும். தளம் முப்பது, நாற்பது ஆண்டுகளில் தேய்ந்து போகும். ஓட்டு வீட்டில் சுவர் அப்படியே இருக்க, ஓட்டை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா, அதுபோல் பாலத்துக்கும் தளத்தை மாற்றியாக வேண்டும். வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பத்து நாள் உறவினர் வீட்டில் தங்கலாம். நாளொன்றுக்கு லட்சம் வண்டிகள் போகும் பாலத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

முதலில், தளம் ஏன் சாகிறது? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை. சிமெண்டின் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டாகிறது. அது இருக்கும்வரை கம்பிக்குக் கவலை இல்லை. உப்பு உள்ளே வந்தால் அந்தப் படலம் உடையும். படலம் உடைந்த இடத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்ததும் துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டோ அழுத்தத்தைத் தாங்குமே தவிர, இழுவையைத் தாங்காது. உள்ளிருந்து வீங்கும் கம்பி அதைப் பிளந்துவிடும். கடலோரக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்கனியின் அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்புபோல் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் அந்த உப்பைக் கொண்டுவந்தது கடல் அல்ல, மனிதர்கள். 1956-ல் ஐசன்ஹோவர் காலத்தில் சட்டம் இயற்றி, 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளைப் போடத் தொடங்கினார்கள். பனிக்காலத்திலும் சாலை கறுப்பாக, பனியில்லாமல் இருக்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். பனி உருக உப்பைக் கொட்டினார்கள். இப்போது அந்த நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் உப்பு விழுகிறது. உருகிய பனி, உப்புத் தண்ணீராகித் தளத்தின் நுண்ணிய விரிசல்களில் இறங்கியது. இன்னும் நெடுநாள் நிற்க வேண்டிய தளங்களில் இருபது ஆண்டுகளிலேயே பொத்தல்கள் விழுந்தன. 1973-ல் பென்சில்வேனியாவில் ஒரு பாலத்துக்கு முதன்முறையாக எபாக்சிப் பிசின் பூசிய கம்பியைப் போட்டுப் பார்த்தார்கள். இன்று அங்கே கட்டுமான இடங்களில் பச்சை நிறத்தில் அடுக்கியிருக்கும் கம்பிகள் அதன் வாரிசுகள். புதிய பாலங்களுக்கு அது உதவியது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஆயிரக்கணக்கான பாலங்களுக்கு?

உப்பு எவ்வளவு பெரிய எதிரி என்பதைக் காட்ட நியூ ஜெர்சியிலேயே ஒரு பாலம் இருக்கிறது. நூவர்க்கையும் ஜெர்சி சிட்டியையும் இணைக்கும் புலாஸ்கி ஸ்கைவே. சதுப்பு நிலத்துக்கும் இரண்டு ஆறுகளுக்கும் மேலாக மூன்றரை மைல் போகும் கரிய எஃகுப் பாலம். 1932 நவம்பரில் திறந்தது. தடங்கள் குறுகலாக இருந்ததால் விபத்துகள் நடந்தன. 1934-லேயே அதில் லாரிகளைத் தடை செய்துவிட்டார்கள். அந்தத் தடை இன்றுவரை நீங்கவில்லை. யோசித்துப் பாருங்கள்: ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அந்தத் தளத்தின் மேல் கார்கள் மட்டுமே போயிருக்கின்றன. பாரம் என்று சொல்லத்தக்க எதுவும் ஏறவில்லை. இருந்தும் 2010 வாக்கில் அதன் தளம் மாற்றியே தீரவேண்டிய நிலைக்கு வந்தது. பாலத்தைக் கொல்வது லாரிதான் என்று மேடைதோறும் பேசுகிறோம். லாரியைத் தடுத்துவைத்த பாலத்தை உப்பும் தண்ணீரும் தின்றிருக்கின்றன.

சரி, மாற்றுவது எப்படி? பழைய முறை நமக்குத் தெரிந்ததுதான். பழைய தளத்தை உடைத்து எடுக்க வேண்டும். அடியில் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். கம்பி கட்ட வேண்டும். கான்கிரீட் போட்டு, வைப்ரேட்டர் விட்டு, மட்டம் பார்த்து, ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள், பதினான்கு நாள் என்று தண்ணீர் விட வேண்டும். இடையில் மழை வந்தால் நிற்கும்; குளிர் வந்தால் நிற்கும். ஒரு பக்கத்தை முடித்து மறுபக்கத்துக்கு மாற மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் மக்கள் பாதித் தடத்தில் ஊர்ந்து போக வேண்டும்.

நம் ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு மாற்று வழி உடனே புரியும். கிணற்றுக்குள் இறங்கி யாரும் கான்கிரீட் வளையம் வார்ப்பதில்லை. சாலையோரப் பட்டறையில் அச்சில் வார்த்து, காயவைத்து, தண்ணீர் காட்டி, வண்டியில் ஏற்றிவந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிறோம். பாலத் தளத்தையும் அப்படியே முன்கூட்டி வார்த்துக் கொண்டுவந்தால் என்ன? இதைத்தான் ப்ரீகாஸ்ட் என்கிறோம். பாலத்தின் அகலம் முழுவதற்குமோ பாதிக்குமோ நீளும் பலகைகள். போக்குவரத்துத் திசையில் ஒவ்வொன்றும் எட்டு, பத்து அடி. கூரைக்குக் கீழே, சமதரையில், எஃகு அச்சில் வார்ப்பதால் கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் கனம் அங்குலக் கணக்கில் பிசகாது. அவசரம் இல்லாமல் ஆறவிடலாம். சுருங்குவதில் பெரும்பகுதி பட்டறையிலேயே முடிந்துவிடும். உத்திரத்தின் மேல் ஒட்டிக்கொண்ட ஈரக் கான்கிரீட் சுருங்கும்போதுதான் புதுத் தளத்தில் குறுக்கு விரிசல்கள் விழுகின்றன. ப்ரீகாஸ்ட் பலகைக்கு அந்தத் தொல்லை பெருமளவு இல்லை. வேகம் என்ற ஒரே காரணத்துக்காக ப்ரீகாஸ்டைப் புகழ்கிறவர்கள் இந்தக் குணத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

ஓர் இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். மாலைப் போக்குவரத்து ஓய்ந்ததும் தடத்தை மூடுவார்கள். வைரப் பல் வைத்த ரம்பம் தளத்தைத் துண்டு துண்டாக அறுக்கும். அறுக்கும் தண்ணீர் பால்போல் வெளுத்து ஓடும். அதை உறிஞ்சி எடுக்க ஓர் ஆள். துண்டுகளைக் கிரேன் தூக்கி லாரியில் வைக்கும். அப்போது அரை நூற்றாண்டாக வெளிச்சம் படாத உத்திரத்தின் மேல்முகம் தெரியும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். புதிய பலகையைக் கிரேன் மெல்ல இறக்கும். நாலு மூலையிலும் இருக்கும் போல்ட்டுகளைத் திருகித் திருகி மட்டம் சேர்ப்பார்கள். பலகையில் ஆங்காங்கே விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாக, உத்திரத்தின் மேல் குமிழ்த் தலை வைத்த எஃகு முளைகளைப் பற்றவைப்பார்கள். பிறகு அந்த ஓட்டைகளிலும், பலகைக்கும் உத்திரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலும் கிரவுட் என்னும் நிரப்புக் கலவையை ஊற்றுவார்கள். அது இறுகியதும் பலகையும் உத்திரமும் ஒரே உடம்பாகிவிடும். சில மணி நேரத்தில் இறுகும் கிரவுட். விடிவதற்குள் தடுப்புகளை எடுத்துவிட்டால், வேலைக்குப் போகிறவருக்கு இரவில் என்ன நடந்தது என்றே தெரியாது.

எல்லா இரவும் அப்படி அமைவதில்லை. நான் மேற்பார்வையில் இருந்த ஓர் இரவில் பலகையை இறக்கினோம், அது உட்காரவில்லை. ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை தூக்கியது, சமமில்லாத தரையில் வைத்த நாற்காலி மாதிரி. டார்ச் அடித்து அடியில் பார்த்தோம். உத்திரத்தின் இரண்டு துண்டுகளை இணைக்கும் தகட்டின் போல்ட் தலைகள் பலகையின் அடியை முட்டிக்கொண்டிருந்தன. பழைய வரைபடத்தில் அந்த இணைப்புத் தகடு வேறோர் இடத்தில் இருந்தது. கட்டிய காலத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், வரைபடத்தில் திருத்தவில்லை. பலகையைத் திரும்பத் தூக்கி, அடியைக் கொத்தி, மறுபடி இறக்க இரண்டு மணி நேரம் போயிற்று. காலையில் தடம் திறக்கத் தாமதமாகி, வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. காகிதத்தில் இருக்கும் பாலம் வேறு, ஆற்றின்மேல் நிற்கும் பாலம் வேறு. அதன் பிறகு, பலகை வார்க்கும் முன்பே உத்திரத்தின் மேல்முகத்தை அங்குலம் அங்குலமாக அளக்காத எந்த வேலைக்கும் நான் சம்மதித்ததில்லை.

இனி வருவதுதான் நான் இன்று சொல்ல வந்தது. பலகை வார்ப்பது எளிது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே வரும் இணைப்புத்தான் கடினம். ப்ரீகாஸ்ட் தளத்தின் வரலாறு முழுவதும் அந்த ஒரு சாண் இடைவெளியின் வரலாறு.

1970-களில் இண்டியானா மாநிலத்தில் இதைச் சோதித்தபோது, மரவேலையில் பலகைக்கு நாக்கும் பள்ளமும் வெட்டிப் பொருத்துவதைப் போலவே கான்கிரீட் பலகைகளையும் பொருத்தினார்கள். இடையில் மெல்லிய ரப்பர் தாள். கேட்க அழகாக இருக்கிறது. மரம் சற்று நசுங்கிக் கொடுக்கும், கான்கிரீட் கொடுக்காது. விளிம்புகளில் ஓரிடத்தில் முட்டி, ஓரிடத்தில் வாய்பிளந்தது. முட்டிய இடம் பெயர்ந்தது. பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கியது. நல்ல கான்கிரீட்டில் செய்த பலகைகள் இணைப்பில் தோற்றன.

அடுத்த பெரிய படி வாஷிங்டனில், பொட்டோமாக் ஆற்றின் மேலிருந்த பழைய உட்ரோ வில்சன் பாலத்தில். 1961 கடைசியில் திறந்த அந்தப் பாலத்தின் தளம் இருபதே ஆண்டுகளில் கெட்டுப்போனது. தலைநகரத்தைச் சுற்றும் வட்டச்சாலை அதன் மேல்தான் போனது, மூடவே முடியாத நிலை. 1982, 83-ல் இலகு எடைக் கான்கிரீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகளை வார்த்து இரவுகளில் மாற்றினார்கள். பகலில் ஆறு தடங்களும் திறந்திருந்தன. இலகு எடை என்பதால் பழைய உத்திரத்துக்குப் பாரம் கூட்டாமலேயே தளத்தை அகலப்படுத்தவும் முடிந்தது. இணைப்பைக் காக்க உறுதியான கம்பிவடங்களைச் செலுத்தி இழுத்துக் கட்டினார்கள். பலகைகள் ஒன்றையொன்று எப்போதும் நெருக்கிக்கொண்டே இருந்தால் வாய் பிளக்க வழியில்லை. இது நல்ல உபாயம். இன்றும் நிற்கும் உபாயம். ஆனால் வடம் இழுக்கத் தனி ஆட்கள், தனி எந்திரம், தனி நாள். அதற்குப் பின் என்றாவது ஒரே ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் எடுக்கவும் முடியாது. எல்லாம் ஒரே வடத்தில் கோத்த மணிகள்.

அதே காலத்தில் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கும் தளம் மாறியது. அங்கே உப்பைக் கொண்டுவந்தது கடல் மூடுபனி. 1985-ல் முடிந்த அந்த வேலையில் 747 துண்டுகளை 401 வேலைநாள்களில் மாற்றினார்கள். அந்தத் தளம் எஃகு என்பதால் நம் கதைக்குச் சற்று விலகியது. ஆனால் பிரமாண்டமான ஒரு தொங்குபாலத்தின் தளத்தையே மூடாமல் மாற்றலாம் என்ற தைரியத்தை அது உலகத்துக்குக் கொடுத்தது.

இணைப்புச் சிக்கலுக்கு வந்த உண்மையான விடை ஒரு புதுப் பொருள். யூ.எச்.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மிகு வலிமைக் கான்கிரீட். பெயரில் கான்கிரீட் என்றாலும் அதில் ஜல்லியே கிடையாது. சிமெண்ட், நுண்மணல், புகைத்தூள்போல் நுண்ணிய சிலிக்கா, மிகக் குறைந்த தண்ணீர். இவற்றோடு எஃகு இழைகள். அரை அங்குல நீளம், தையல் நூல் பருமன். கையில் எடுத்துப் பார்த்தால் பித்தளை பூசிய முடித்துண்டுகள் மாதிரி மின்னும். கனஅளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலப்பார்கள். சாதாரணத் தளக் கான்கிரீட்டின் வலிமை 30, 35 மெகாபாஸ்கல் என்றால் இதற்கு 150 அளவில். வலிமையைவிட முக்கியம், தண்ணீர் புக வழியில்லாத அதன் நெருக்கமும், விரிசல் விட்டாலும் அதைத் தைத்துப் பிடித்திருக்கும் இழைகளும்.

இதனால் இணைப்பில் என்ன மாறியது தெரியுமா? பலகையின் விளிம்பிலிருந்து கம்பிகள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப் பலகையின் கம்பிகளோடு அவை அருகருகே படிய வேண்டும். சாதாரணக் கான்கிரீட்டில் ஒரு கம்பியின் பிடிப்பு மறு கம்பிக்கு முழுதாக மாற இரண்டடி வேண்டும். யூ.எச்.பி.சி.-யில் ஐந்தாறு அங்குலம் போதும். வடமும் வேண்டாம், வளைத்த கொக்கியும் வேண்டாம். ஆறு அங்குல அகலக் கால்வாயில் தேன்போல் கெட்டியாக வழியும் கலவையை ஊற்றினால் முடிந்தது. அமெரிக்காவில் 2009-ல் நியூயார்க் மாநிலத்தில் இரண்டு பாலங்களில் இதைத் தொடங்கினார்கள். விலை மிக அதிகம். கனமீட்டருக்குக் கணக்குப் பார்த்தால் சாதாரணக் கான்கிரீட்டைப் போல் பல மடங்கு. ஆனால் பாலம் முழுக்க ஊற்றுவதில்லையே, இணைப்பில் மட்டும்தானே! இவ்வளவு காலம் தளத்தின் மிகப் பலவீனமான இடமாக இருந்தது, மிகப் பலமான இடமாக மாறியது.

புலாஸ்கி ஸ்கைவேயில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். பலகைக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இணைப்பில் யூ.எச்.பி.சி. 2014-ல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி அருகிலுள்ள மைதானத்தில் நடந்ததால், அது முடியும்வரை காத்திருந்து, அந்த ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கை நோக்கிப் போகும் தடங்களை மூடினார்கள். இரண்டு ஆண்டுகளில் முடியும் என்று திட்டம். திறந்தது 2018 ஜூன் கடைசியில். காரணம் பலகையில் இல்லை. பழைய தளத்தைத் தூக்கியபோது, அடியிலிருந்த எஃகு எதிர்பார்த்ததைவிட மோசமாக அரித்திருந்தது. கசிந்த தளம், தன்னைத் தாங்கியவனையும் சேர்த்து நனைத்திருக்கிறது. தளத்தைத் தள்ளிப்போடுகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் உத்திரம் விலை கொடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வருத்தம்தான். முன்பே மாற்றியிருந்தால் அந்த மக்கள் நாலு ஆண்டு அலைந்திருக்க வேண்டாம்.

ஜப்பானின் அனுபவம் வேறு. 1963-ல் மெய்ஷின், 1969-ல் தோமெய் என்று அவர்கள் அதிவேகச் சாலைகளை அமைத்தபோது தளங்களை மெல்லியதாகப் போட்டார்கள். பிறகு லாரிகள் பெருத்தன. 1980-களில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மாட்சுயி என்ற பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். அதுவரை ஆய்வுக்கூடங்களில் தளத்தின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பார்கள். தளம் தாங்கிக்கொள்ளும். உண்மைப் பாலத்திலோ அது நொறுங்கும். அவர் சக்கரத்தை முன்னும் பின்னும் ஓடவிட்டார். ஓடும் சக்கரம் விரிசலின் இரு முகங்களையும் உரசவைத்து உரசவைத்துத் தேய்க்கிறது என்று தெரிந்தது. அதே சோதனையைத் தளத்தின் மேல் தண்ணீர் நிற்கவைத்துச் செய்தபோது ஆயுள் பல பத்து மடங்கு குறைந்தது. தண்ணீர் புகுந்த தளத்தின் மேல்பகுதி கான்கிரீட் குணத்தையே இழந்து மணலும் கல்லுமாகப் பொடிந்துவிடும். அங்குள்ள பொறியாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரின் பொருளே ‘மண்ணாதல்’. கான்கிரீட் மண்ணாகிறது. எவ்வளவு சரியான சொல்!

2012 டிசம்பரில் ஜப்பானிலுள்ள சசாகோ சுரங்கப்பாதையின் மேற்கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அது பாலமல்ல. ஆனால் முதுமையடைந்த சாலைக் கட்டுமானங்களைப் பற்றி அந்த நாடு கண்விழித்தது அன்றுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாலத்தையும் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று 2014-ல் விதி வந்தது. 2015 முதல் கிழக்கு, மத்திய, மேற்கு நெடுஞ்சாலை நிறுவனங்கள் மூன்றும் பழைய தளங்களை எடுத்துவிட்டு ப்ரீகாஸ்ட் பலகைகளை வைத்துக்கொண்டிருக்கின்றன. அவர்கள் இணைப்பில் கம்பிகளைக் குதிரை லாடம்போல் வளைத்து நீட்டுகிறார்கள். எதிரெதிர் லாடங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்க, நடுவில் குறுக்குக் கம்பிகளைச் செருகிக் கான்கிரீட் போடுகிறார்கள். மேலே நீர்த்தடுப்புப் பூச்சு இல்லாமல் தார் போடுவதே இல்லை. இந்தக் கடைசிப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். புதுப் பலகை என்று தெம்பாக இருந்துவிடாமல், அதற்கும் குடை பிடிக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். பாஸ்டனுக்கு வடக்கே மெட்ஃபோர்டு என்ற ஊர் வழியே போகும் நெடுஞ்சாலையில் 2010 ஆகஸ்டில் ஒரு பாலத் தளத்தில் திடீரென்று ஓட்டை விழுந்தது. அங்கிருந்தவை 1950-களில் கட்டிய பாலங்கள். அடுத்த ஆண்டுக் கோடையில் அந்தச் சாலையில் பதினான்கு பாலங்களை, பத்து வாரக் கடைசிகளில் மாற்றிவிட்டார்கள். வெள்ளி இரவு மூடி, திங்கள் விடியலில் திறந்தார்கள். தளத்தை மட்டும் அல்ல. இரண்டு எஃகு உத்திரங்களின் மேலேயே தளத்தை வார்த்து, ஒரே துண்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய முறையில் இதற்கு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

எல்லாப் பாலத்துக்கும் ப்ரீகாஸ்ட்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றுப்பாதை இருக்கும் சின்ன ஊர்ப் பாலத்துக்கு நல்ல கொத்தனாரும் நல்ல தண்ணீரும் போதும். வளைவும் சாய்வும் மிகுந்த பாலத்தில் ஒவ்வொரு பலகையும் வெவ்வேறு அளவாகிவிடும். அச்சுச் செலவே தலைக்கு மேல் போகும். கனமான கிரேனைத் தாங்க முடியாத பழைய உத்திரங்களும் உண்டு. ப்ரீகாஸ்டுக்குரிய இடம், மக்களின் நேரம் விலையுயர்ந்ததாக இருக்கும் இடம்.

ப்ரீகாஸ்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது எனக்குப் பிடித்தது. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றின் மேலிருந்த டாப்பன் ஜீ பாலம் 1955-ல் திறந்தது. கடைசிக் காலத்தில் அதன் தளத்துக்குப் ப்ரீகாஸ்ட் பலகைகளை வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே பக்கத்தில் புதுப் பாலம் வந்து, பழையதைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பலகைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை உடைக்காமல் எடுத்து, பலகை ஒன்றுக்கு ஒரு டாலர் விலையில் உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கொடுத்தார்கள். பழைய வீட்டைப் பிரித்த தேக்கு உத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போவதுபோல, பெரும் பாலத்தின் தளம் சிற்றூர்ப் பாலங்களுக்குப் போனது. அந்த இடத்திலேயே வார்த்த தளமாக இருந்தால் அது ஜல்லிக்குவியல்தான் ஆகியிருக்கும்.

நம் ஊரில் பனிக்கு உப்புப் போடுவதில்லை. ஆனால் கடற்கரை நெடுகப் பாலங்கள் வைத்திருக்கிறோம். 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நாள் முழுக்க உப்புக்காற்றுத்தான் வீசுகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கான்கிரீட் கம்பியின் துருவைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. மண்டபம் கடற்கரையில் அதற்கு ஆய்வு நிலையமே இருக்கிறது. அறிவுக்கு நமக்குக் குறைவில்லை. பெரு நகரங்களில் மெட்ரோ பாலங்களுக்கு ப்ரீகாஸ்ட் துண்டுகளை வார்த்துத் தூக்கி வைக்கும் திறமையும் நம் ஆட்களிடம் வந்துவிட்டது. புதிதாகக் கட்டத் தெரிந்த அளவுக்கு, கட்டியதன் தளத்தைப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. தளத்தில் தேங்கும் தண்ணீர் போக வைத்த குழாய்கள் மண்ணடைத்து, அதில் செடி முளைத்திருக்கிறது. ஜப்பானில் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் நிறுத்திச் செய்த சோதனையை நாம் ஒவ்வொரு மழையிலும் உண்மையான பாலத்தின் மேலேயே செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த அரங்கில் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மழை விட்டதும் உங்கள் ஊர்ப் பாலத்துக்கு அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். தளத்தின் அடிவயிற்றில், குறிப்பாக இணைப்புகளையொட்டி, வெள்ளையாக உப்புப் பூத்த கோடுகள் இருக்கின்றனவா? மேலே பெய்தது நின்ற பிறகும் ஓரிடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் எடுத்து, பாலத்தின் பெயரும் தேதியும் எழுதி, உங்கள் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.